தைராய்டு மாத்திரையும் ஏழு வருஷத்து கேஸ் தொல்லையும்

சேலத்துக்காரி:

காலையில் சரியாக இருக்கும் பாவாடை நாடாவை மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தளர்த்திக் கட்டுவேன். ராத்திரி அவிழ்த்தால் இடுப்பைச் சுற்றிக் கயிற்றுத் தடம் சிவந்து கிடக்கும். போன வருஷம் டவுன் பஸ்ஸில் ஒரு பாட்டி, "எத்தனாவது மாசம்மா?" என்று எழுந்து இடம் கொடுத்தார். எனக்கு வயது 46. மறுப்பானேன் என்று உட்கார்ந்துகொண்டேன்.

தைராய்டு குறைவுக்கு ஏழு வருஷமாக 75 மைக்ரோகிராம் மாத்திரை. உப்புசத்துக்கு மாமியாரின் ஓமத் தண்ணீர், அப்புறம் தினமும் ஒரு கேஸ் மாத்திரை. மலச்சிக்கலுக்கு இசப்கோல், அதைப் போட்ட அன்றைக்கு வயிறு இன்னும் கல்லாகிவிடும். தைராய்டையும் வயிற்றையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

கடைசியில் போன குடல் டாக்டரின் முதல் கேள்வி: "மாத்திரை எத்தனை மணிக்கு, காபி எத்தனை மணிக்கு?" இரண்டும் அஞ்சரைக்குத்தான். மாத்திரையை விழுங்குவதே காபியில்தானே! கூடவே கேஸ் மாத்திரை வேறு. கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைக்குமாம்; அமிலம் குறைந்தால் தைராய்டு மாத்திரை சரியாகக் கரையாதாம். காபி அதை உடம்பில் சேர விடாதாம். ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு குறையக் குறைய ஏறும் அளவு) 14 இருந்தது.

அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. வயிறு காலியாக இருக்கும்போது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை குடலில் ஓர் அலை எழுந்து மிச்சம் மீதியைப் பெருக்கித் தள்ளும். தைராய்டு குறைந்தால் பெருக்குகிற ஆள் சோம்பிவிடுவார். பெருங்குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியா, சிறுகுடலில் தேங்கிய இடத்தில் பெருகி, நாம் சாப்பிட்டதைப் புளிக்க வைக்கும். இட்லி மாவு பொங்குகிற கதைதான்.

அந்த பாக்டீரியா விடும் ஹைட்ரஜனை மூச்சில் அளக்கும் பரிசோதனைக்கு முந்தின நாள் பருப்பு, பால், காய் கூடாது; வெறும் சோறு. பிறகு 12 மணி நேரப் பட்டினி. திகட்டுகிற லாக்டுலோஸ் சிரப்பைக் குடித்துவிட்டு 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊத வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹைட்ரஜன் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினாலே கணக்கில் வரும். எனக்கு 38 ஏறியது.

பாக்டீரியாவைக் கொல்லும் ரிஃபாக்சிமின் மாத்திரை 14 நாள். நாடா தளர்ந்தது. நாலு மாசத்தில் மறுபடி இறுகியது, ஏனென்றால் தங்கச்சி வீட்டுக்குப் போன இடத்தில் பழையபடி காபியோடு மாத்திரை. அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தடவையும் மருந்து எடுக்க வேண்டி வந்தது.

சர்க்கரைக்காரன்:

அக்கா, எனக்கு 18 வருஷமாகச் சர்க்கரை. ராத்திரி சாப்பிட்டது காலையில் அப்படியே வாந்தியில் வரும். இன்சுலின் போட்டு நேரத்துக்குச் சாப்பிட்டும் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டும். சாப்பாடு இரைப்பையிலேயே நின்றுவிட, இன்சுலின் மட்டும் வேலையைத் தொடங்கிவிடுகிறது! இரைப்பை எவ்வளவு வேகத்தில் காலியாகிறது என்று பார்க்கிற ஸ்கேனுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? கதிரியக்க மருந்து கலந்த இட்லி. நாலு மணி நேரம் கழித்தும் பாதி இட்லி உள்ளேயே உட்கார்ந்திருந்தது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக அஞ்சு வேளை, குழைந்த சாதம், எண்ணெய் குறைவு. பிரியாணிதான் போய்விட்டது.

திண்டுக்கல் டீச்சர்:

எனக்குத் தலைகீழ். ஒரு நாளைக்கு ஆறு தடவை போகும். வகுப்பில் பாதிப் பாடத்தில் ஓட வேண்டும். அமீபா என்று மூன்று தடவை மருந்து கொடுத்தார்கள். நாலு மாசத்தில் ஒன்பது கிலோ குறைந்து, கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் தைராய்டு பார்த்தார்கள், அதிகமாகச் சுரந்திருக்கிறது. அந்தச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை தொடங்கி ஆறாவது வாரம் வயிறு தானாக அடங்கியது. அக்கா, காபியை விட்டுவிட்டீர்களா?

சேலத்துக்காரி:

அதை மட்டும் கேட்காதீங்க டீச்சர். டாக்டரிடம் பேரம் பேசி மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். ஏழு மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்கு மாத்திரை. இரண்டு மாசம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 3. காபி அஞ்சரைக்கே வந்துவிடுகிறது.