வால்வு மாற்றும்போது பெருந்தமனியின் வேர்ப்பகுதியையும் அகலப்படுத்த வேண்டுமா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
அனைவருக்கும் வணக்கம். 58 வயதாகும் என் அம்மா, மஞ்சள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது கண் இருட்டி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கோவையில் எக்கோ எடுத்ததில் பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியிருப்பது தெரிந்தது. வால்வை மாற்ற ஒப்புக்கொண்டோம். ஆனால் வால்வு உட்காரும் வளையம் 19 மி.மீ. மட்டுமே இருப்பதால், தமனியின் வேர்ப்பகுதியைக் கீறி, ஒட்டு வைத்து அகலப்படுத்திய பிறகே திசு வால்வு (விலங்குத் திசுவால் செய்தது) பொருத்த வேண்டும் என்கிறார் மருத்துவர். அம்மா 150 செ.மீ. உயரம், 64 கிலோ எடை. இருக்கும் இடத்துக்கு ஏற்ற சிறிய வால்வையே வைத்தால் ஆகாதா? கூடுதலாக வெட்டித் தைப்பது ஆபத்தில்லையா?

பதில் (பெருந்துறை):
தம்பி, நான் இதய அறுவை அரங்கில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் மருத்துவர் காரணத்தோடுதான் சொல்கிறார். அம்மாவின் உடல் பரப்பு ஏறக்குறைய 1.63 சதுர மீட்டர் வரும். 19 மி.மீ. திசு வால்வு திறக்கும் பரப்பு பெரும்பாலும் 1.1 சதுர செ.மீ. அளவில்தான் இருக்கும், அதை உடல் பரப்பால் வகுத்தால் 0.67. இந்த எண் 0.85-க்கு மேல் இருந்தால்தான் வால்வு உடலுக்குப் போதும், 0.65-க்கு இறங்கினால் கடுமையான பற்றாக்குறை. அம்மா அந்த விளிம்பில் நிற்கிறார். வால்வு புதிதானாலும் வழி குறுகலாகவே இருந்தால், இதயம் முன்போலவே முக்கித் தள்ள வேண்டியிருக்கும்; தடித்துப்போன தசையும் சரியாக இளகாது.

ரவிக்கை இறுக்கினால் அக்குளில் தையலைப் பிரித்துத் துண்டு வைத்துத் தைக்கிறோமே, வேலை அதுதான். 1970-இல் நிக்ஸ் என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் எழுதிய முறையில், இதயத் தமனி எதுவும் கிளம்பாத பின்பக்கச் சுவரைக் கீறி, நீர்த்துளி வடிவில் கத்தரித்த ஒட்டை வைத்துத் தைப்பார்கள். மாட்டின் இதய உறையோ டேக்ரான் என்ற செயற்கை இழைத் துணியோ அந்த ஒட்டாகும். இதில் வழக்கமாக அளவில் ஒரு படி பெரிய வால்வு வைக்க இடம் கிடைக்கும். 2020-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் போ யாங் தொடங்கிய ஒய் வடிவக் கீறலில் அதைவிடக் கூடுதல் இடம் கிடைக்கிறது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். இதயத்தை நிறுத்தி வைக்கும் நேரம் கூடும். இதயம் மீண்டும் துடித்து நிரம்பிய பிறகு பின்பக்கத் தையலில் கசிந்தால் கை எட்டுவது கடினம். அதனால்தான் பழகிய கை வேண்டும்.

பதில் (தாராபுரம்):
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் அத்தைக்கு 11 ஆண்டுகளுக்கு முன் 19 மி.மீ. திசு வால்வை அப்படியே வைத்தார்கள். அது தேய்ந்தபோது, தொடை வழியாகப் புதியதை உள்ளே பொருத்தலாமா என்று கேட்டோம். பழைய வளையத்துக்குள் இன்னொன்று உட்கார்ந்தால் வழி மேலும் குறுகும் என்று மறுத்து, நெஞ்சை மறுபடியும் திறந்தார்கள். அத்தை பட்ட பாடு எனக்குத் தெரியும். திசு வால்வுதான் என்றால், அடுத்த வால்வுக்கும் இப்போதே இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, அக்கா, நன்றி, நண்பரே. எந்த முறையில் கீறுவார், இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், எந்த அளவு வால்வு வைப்பார் என்று தாளில் எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை அம்மாவை அழைத்துப் போகிறேன்.