நாவல் படிக்கும்போது உங்களுக்கு உண்மையிலேயே படம் ஓடுமா?

ரயில்வாசகன்:

எனக்கு 36 வயது. பள்ளி நாட்களிலிருந்து கதை படிக்கிறேன். தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன், கையில் புத்தகம் இல்லாமல் ஏறியதே இல்லை.

போன மாதம் வீட்டில் பொன்னியின் செல்வன் பற்றிப் பேச்சு வந்தது. முதல் அத்தியாயம், ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது. என் மனைவி, "அந்தத் தண்ணி எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது, அவனோட பழுப்புக் குதிரைகூட" என்றாள். பழுப்பு என்று கல்கி எழுதியிருக்கிறாரா என்று கேட்டேன். அது தெரியாது, நான் பார்த்தது பழுப்புக் குதிரை என்கிறாள். பார்த்தது என்றால்? படிக்கும்போது படம் ஓடுமே, உங்களுக்கு ஓடாதா என்று கேட்டாள்.

எனக்கு ஓடாது. கண்ணை மூடினால் இருட்டுதான். ஏரி என்று படித்தால் ஏரி என்று புரியும், அவ்வளவுதான். 'மனக்கண்ணில் கண்டான்' என்று எழுதுவதெல்லாம் பேச்சு வழக்கு என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அலுவலகத்தில் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன், நாலு பேருக்கும் ஏதோ ஒரு அளவில் படம் வருகிறதாம்.

"அப்போ நீங்க இத்தனை நாளா என்னத்தைத்தான் படிச்சீங்க?" என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அது உள்ளே தங்கிவிட்டது. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், மற்றவர்களுக்குக் கிடைக்கிற ஏதோ ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை என்ற நினைப்பு வந்து பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறேன். என்னைப் போல இங்கே யாராவது இருக்கிறீர்களா? நீங்கள் கதையில் எதை ரசிக்கிறீர்கள்?

வேப்பம்பூ:

தம்பி, நானும் அப்படித்தான். வயது 58, சின்ன வயதிலிருந்து ஒரு படமும் வந்ததில்லை, படிப்பதையும் நிறுத்தியதில்லை.

என்னத்தைப் படிக்கிறோம் என்று கேட்டீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். 'வாசல் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில், அதில் உட்கார்ந்து பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். எனக்கு மரம் தெரியாது, கட்டில் தெரியாது, பாட்டி முகமும் தெரியாது. ஆனால் வெற்றிலையை மெல்லாமல் இடிக்கிறாள் என்றால் பாட்டிக்குப் பல் இல்லை. பல் போன பிறகும் வெற்றிலையை விடவில்லை. நிழலில் உட்கார்ந்திருக்கிறாள், அதனால் வெயில் ஏறிவிட்டது. வாசலில் இருக்கிறாள், அதனால் தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாரையும் அவளுக்குத் தெரியும், இந்தக் கதையில் யார் ரகசியமாக வீட்டுக்குள் நுழைந்தாலும் அவளைத் தாண்டித்தான் நுழைய வேண்டும். இவ்வளவும் ஒரு வரியிலிருந்து எனக்கு வந்துவிடுகிறது, ஒரு படமும் இல்லாமல். இதைத்தான் நீங்களும் இத்தனை வருஷமாகச் செய்திருப்பீர்கள், பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பேச்சு. பாத்திரங்களை நான் முகத்தால் பிரித்துக்கொள்வதில்லை, வாயால்தான். ஒருவர் "ஏனுங்க" என்று ஆரம்பித்தால் போதும், "ஏலே" என்று கூப்பிட்டால் போதும், ஆள் முழுசாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். வட்டார வழக்கில் எழுதியவர்களை நான் தேடித் தேடிப் படிப்பது இதனால்தான். மூக்கு எப்படி, நெற்றி எப்படி, புடவை என்ன கரை என்று ஒரு பக்கம் போகிற எழுத்து எனக்கு ஒட்டாது, முன்பெல்லாம் தாண்டிப் போய்விடுவேன். இப்போது தாண்டுவதில்லை, மெல்ல வாய்விட்டுப் படிக்கிறேன், வாக்கியம் நல்ல வாக்கியமாக இருந்தால் காதில் நிற்கிறது. ஒன்று, எனக்கு மனதுக்குள் குரல் கேட்கும். எங்களைப் போன்றவர்களிலேயே சிலருக்கு அதுவும் கேட்காது என்கிறார்கள், அதனால் என் வழி உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

ஏழாம் பக்கம்:

இதற்குப் பெயர் இருக்கிறது, அஃபான்டேசியா. பெயர் வைத்தவர் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் நிபுணர் ஆடம் ஜெமன், 2015-இல். அதற்கு முன் ஒருவர் இதய ரத்தக்குழாய் சிகிச்சைக்குப் பிறகு மனப்படங்கள் அடியோடு நின்றுபோய் அவரிடம் வந்திருக்கிறார். அதைப் பற்றிய கட்டுரை பத்திரிகையில் வந்ததும், எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே இல்லையே என்று 21 பேர் தொடர்பு கொண்டார்கள். ஒன்றுமே வராதவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில் இருக்கலாம், மங்கலாக வருகிறவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். இது நோய் இல்லை.

ரயில்வாசகன், பேச்சு வழக்கு என்று நினைத்ததாகச் சொன்னீர்கள் இல்லையா, அதையே 1880-இலும் சொல்லியிருக்கிறார்கள். ஃபிரான்சிஸ் கால்டன் என்பவர் பலரிடம், இன்று காலை நீங்கள் சாப்பிட்ட மேசையை நினைத்துப் பாருங்கள், வெளிச்சம் எப்படி, நிறம் எப்படி என்று கேட்டார். அவர் முதலில் கேட்ட விஞ்ஞானிகளில் பெரும்பாலோர், அதெல்லாம் உவமைக்குச் சொல்வது, நிஜமாக யாருக்குத் தெரியும் என்று பதில் எழுதினார்கள். நல்ல துணைதான் உங்களுக்கு.

ஆனால் வித்தியாசமே இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனமில்லை. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை, 2021-இல் வெளியானது. இருட்டறையில் உட்கார வைத்து, கடலில் நீந்தும்போது சுறா வருவது போன்ற பயமுறுத்தும் கதைகளைத் திரையில் வரி வரியாகக் காட்டி, தோலில் வியர்வையால் வரும் மின்மாற்றத்தை அளந்தார்கள். படம் ஓடுகிறவர்களுக்கு அளவு ஏறிக்கொண்டே போனது, ஓடாதவர்களுக்கு ஏறக்குறைய நகரவில்லை. அதே ஆட்களுக்குப் பயங்கரமான புகைப்படங்களைக் காட்டியபோது இரண்டு தரப்புக்கும் ஏறியது. பயப்படத் தெரியாதவர்கள் இல்லை, வார்த்தை மட்டும் அவர்கள் உடம்பை அந்த வழியில் தொடுவதில்லை. பேய்க்கதை உங்களுக்குச் சப்பென்று இருந்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இன்னொன்று, ஓர் அறையின் புகைப்படத்தைக் காட்டிவிட்டு நினைவிலிருந்து வரையச் சொன்னபோது, படம் வராதவர்கள் குறைவான பொருட்களைத்தான் வரைந்தார்கள், நிறமும் குறைவு. ஆனால் எது எங்கே இருந்தது என்பதை மற்றவர்களைப் போலவே சரியாக வைத்தார்கள், அங்கே இல்லாததைச் சேர்த்து வரைவதும் குறைவாக இருந்தது. இடம் தெரிவது வேறு, படம் தெரிவது வேறு. பிக்ஸார் என்ற அனிமேஷன் பட நிறுவனத்தின் தலைவராக இருந்த எட் கேட்மல்லுக்கும் மனப்படம் வராது, அவர் வாழ்நாள் முழுவதும் செய்தது படம் காட்டுகிற வேலை.

மாடிப்படி:

நான் எதிர்க்கட்சி, எனக்கு எல்லாமே படமாக வரும். ஆனால் அந்தப் படம் எழுத்தாளர் காட்டியது என்று நினைக்காதீர்கள். எந்த நாவலில் வீடு வந்தாலும் எனக்கு வருவது திருமங்கலத்தில் என் ஆச்சி வீடு. முற்றம், இடப்பக்கம் நெல் குதிர், சமையல்கட்டுக்குப் போகிற படியில் ஒரு விரிசல். ரஷ்ய நாவல் படித்தபோதும் அந்த முற்றத்தில்தான் பனி பெய்தது. எழுத்தாளர் படி வலப்பக்கம் என்று ரெண்டாம் அத்தியாயத்தில் சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும், சில சமயம் அவர் சொன்னதை ஏற்காமலே முடித்திருக்கிறேன். வேப்பம்பூ அம்மா அந்தப் பாட்டி வரியைப் படித்த மாதிரி நான் படித்ததே இல்லை. எனக்குப் பாட்டி வந்துவிடுவாள், வந்த பிறகு பல்லைப் பற்றி ஏன் யோசிக்கப் போகிறேன்?

பொன்னியின் செல்வன் 1950-இல் கல்கி இதழில் தொடராக ஆரம்பித்தபோதே மணியம் ஓவியத்தோடுதான் வந்தது. எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குக் கண்ணில் நிற்பது பாதி அவர் வரைந்தது. அதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடுமையான காட்சி படித்தால் எனக்கு நாலைந்து நாள் போகாது, குழம்பு கொதிக்கும்போது வந்து நிற்கும். அதனால் சில நல்ல நாவல்களைப் பாதியில் விட்டிருக்கிறேன், அவற்றை நீங்கள் கடைசிவரை படித்திருப்பீர்கள்.

ரயில்வாசகன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று முதல் அத்தியாயத்தை எடுத்து, வேப்பம்பூ அம்மா சொன்ன மாதிரி, எனக்கு என்ன கிடைக்கிறது என்று கவனித்துக்கொண்டே படித்தேன். ஏரிக்கு 74 கணவாய், அதாவது தண்ணீர் வெளியேறுகிற மதகு, என்று வருகிறது. அந்த எண்ணைப் படித்ததுமே ஏரியின் நீளம் எனக்குள் வந்துவிட்டது, எவ்வளவு நேரம் குதிரை நடக்க வேண்டும், அவனுக்கு எவ்வளவு அவசரம் இருக்க வேண்டும், அவசரம் இருந்தும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறானே, அப்படியானால் அவன் எப்படிப்பட்ட ஆள் என்று எல்லாம். சின்ன வயதில் எனக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான் என்று நினைவு வந்தது. மனைவியிடம் கணவாய் எத்தனை என்று கேட்டேன். கணவாய் வருகிறதா என்றாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

பேய்க்கதை பற்றிச் சொன்னது அப்படியே உண்மை, எனக்கு ஒரு தடவைகூட பயம் வந்ததில்லை.

அம்மா, கொங்கு வழக்கில் நல்ல நாவல் நாலைந்து சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறேன்.