ஐ5-8400 இருந்தும் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்கிறது: மதர்போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். 2018இல் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய மேசைக் கணினி என்னிடம் உள்ளது. ஐ5-8400 பிராசசர், எச்310 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி, தனியாக ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11க்கு மாற முயன்றேன். டிபிஎம் 2.0 (மறைகுறியீட்டுச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் வைத்துக் கணினியைத் தொடங்கும் வசதி) இரண்டும் இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டின் சோதனைச் செயலியான பிசி ஹெல்த் செக் காட்டுகிறது. மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். அது தேவைதானா?

பதில்:
தேவையில்லை. உங்கள் பிராசசர் மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ளது. தனி டிபிஎம் சிப் இல்லாவிட்டாலும் இன்டெல் பிடிடி என்ற பெயரில் அதே வசதி உள்ளேயே இருக்கிறது. பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது நுழையும் அமைப்புத் திரையில், அதை இயக்கினால் போதும். செக்யூர் பூட்தான் சற்று வேலை வாங்கும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பயாஸ் மோட்' என்ற இடத்தில் லெகசி (பழைய தொடக்க முறை) என்றிருந்தால், உங்கள் எஸ்எஸ்டி எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டுள்ளது என்று பொருள். அந்த நிலையில் பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய முறையில் தொடங்க உதவும் அமைப்பை) அணைத்தால் விண்டோஸ் எழாது. ஆகவே முக்கியக் கோப்புகளை வேறொரு டிரைவில் நகலெடுத்துக்கொண்டு, எம்பிஆரைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியை முதலில் வேலிடேட் முறையில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அது எதையும் மாற்றாது.

கேட்டவர்:
லெகசி என்றுதான் இருக்கிறது. வேலிடேட் தோல்வியடைந்தது. சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, இ என நான்கு பார்ட்டிஷன்கள் உள்ளன, நான்கும் பிரைமரி.

பதில்:
காரணம் அதுவே. மூன்று பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் இருந்தால் அந்தக் கருவி மறுத்துவிடும்; எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (உள்ளே மேலும் பிரிவுகளை வைக்கும் வகை) இருந்தாலும் ஏற்காது. சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது நம் கடைகளின் பழக்கமாதலால் பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இ டிரைவில் உள்ளவற்றை டிக்கு மாற்றி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இ பார்ட்டிஷனை நீக்கிவிட்டு மீண்டும் சோதியுங்கள். வெற்றி என்று வந்த பிறகே கன்வர்ட் கட்டளை. அதன் பிறகே சிஎஸ்எம்மை அணைத்து, பிடிடியையும் செக்யூர் பூட்டையும் இயக்க வேண்டும். பிட்லாக்கர் (டிரைவை மறைகுறியாக்கிப் பூட்டும் வசதி) இயங்கினால் கன்வர்ட்டுக்கு முன் அதை நிறுத்தி வையுங்கள்.

கேட்டவர்:
நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். சிஎஸ்எம்மை அணைத்ததும் திரை இருண்டுவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகியதும் படம் வந்தது.

பதில்:
யூஇஎஃப்ஐக்கு (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க முறை) முந்தைய காலத்துக் கார்டாக இருக்கும். அதை முன்பே கேட்டிருக்க வேண்டும், என் பிழை. இனி பிராசசரின் உள் கிராஃபிக்ஸே போதும்.

மற்றொருவர்:
என்னுடையது ஐ5-7400. இதே வழி உதவுமா?

பதில்:
உதவாது. பிடிடியை இயக்கினாலும் அந்தப் பிராசசர் பட்டியலில் இல்லை. சோதனையைத் தாண்டி நிறுவும் குறுக்குவழிகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10இன் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். இணையமும் ஆவணங்களும்தான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பாருங்கள்.

கேட்டவர்:
விண்டோஸ் 11 ஏறிவிட்டது. மிக்க நன்றி.