அவளுடைய போத்தல்களை எரித்தது நாங்கள்தான்

2022 இல் நாங்கள் நான்கு மாணவிகள் கிளிநொச்சியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே வரிசையில் நின்ற காலம் அது. அதனால், எங்களில் ஒருத்தி வெற்றுப் போத்தல்களையும் கழுவிக் காயவைத்த யோகட் கோப்பைகளையும் சேர்த்து வைத்தது எவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கெட்டிக்காரி என்று மெச்சவும் செய்தோம்.

வரிசைகள் ஓய்ந்த பின்னரும் அவளுடைய சேர்ப்பு ஓயவில்லை. கட்டில் முழுவதும் சொப்பிங் பைகள் ஏறிவிட, அவள் சுவரோரம் பாயில் ஒருக்களித்துப் படுத்தாள். பழைய வினாத்தாள்களுக்கு நடுவே பாண் சுற்றி வந்த தாள்கூட மடிப்புக் குலையாமல் இருந்தது. கேட்டால், "தேவைப்படும், இருக்கட்டும்" என்பாள். அவள் முல்லைத்தீவுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, எலி வருகிறதென்ற சாக்கில் அவ்வளவையும் வளவின் பின்புறம் போட்டு எரித்தோம். திரும்பி வந்தவள் சத்தம் போடவில்லை; குந்தியிருந்து சாம்பலைக் கிளறி, உருகி ஒட்டிப்போன மூடிகளைப் பொறுக்கினாள். மறுநாளே அறைக்குப் பூட்டு வந்தது; உள்ளே சேர்ப்பும் மறுபடி தொடங்கியது. விரிவுரைக்கு வருவதும் குறைந்தது.

பயந்துபோய் 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு நான்தான் அழைத்தேன். வைத்தியரைப் பார்க்க அவள் சம்மதிக்கச் சில வாரங்கள் எடுத்தன. பொருளை விட முடியாத இந்த நிலையை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் 'பதுக்கல் கோளாறு' என்று தனிக் கோளாறாக வகைப்படுத்தியது என்பதும், அது பெரும்பாலும் பதின்ம வயதிலேயே தலைகாட்டும் என்பதும் வைத்தியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதுக்கல் என்றால் எங்களுக்கு அரிசி முதலாளிதானே நினைவுக்கு வருவார்!

எதற்கும் போர் முடிந்த 2009 ஐக் காரணம் காட்டுவது இங்கே எங்களுக்குப் பழகிவிட்டது. மெனிக் பாம் அகதி முகாமில் தறப்பாளின் கீழ் இருந்து, தண்ணீருக்கு வரிசையில் நின்ற சிறுமிகள்தான் நாங்கள் நால்வரும். ஆனால் சேர்த்தவள் அவள் ஒருத்தி மட்டுமே.

பிறகு அவளுடைய பொருட்களில் நாங்கள் கை வைக்கவில்லை. வைத்தியரின் யோசனைப்படி, வாரம் ஒரு பையை அவளே அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து முடிவு செய்ய, நான் பக்கத்தில் சும்மா இருந்தேன். முதல் நாள் ஒரு கான் மூடிக்கே அரை மணித்தியாலம் போனது. வீட்டைக் காலி செய்த அன்று நான் உரப்பையைப் பிடிக்க, அவள் பதினொரு போத்தல்களை அதற்குள் போட்டாள். உருகிய மூடி ஒன்று அவளது கைப்பைக்குள் கிடந்ததைக் கண்டேன். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.