தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை எங்கள் வீட்டுப் படங்களிலிருந்து எழுப்ப முடியுமா?

பேட்டைப்பேத்தி:
2011 ஜூன் 30 இரவு, சிங்கப்பூரில் இருக்கும் இந்த நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிளம்பியபோது எங்கள் வீட்டில் ஆறு பேர் அங்கே இருந்தோம், ஆளுக்கொரு கேமரா. தாத்தா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர், போகாமல் இருக்க மனசு வரவில்லை. எல்லார் படத்தையும் திரட்டினால் 400 தேறும். அதையெல்லாம் கோத்து ஒரு முப்பரிமாண நிலையம் செய்து, ஜொகூரில் இருக்கும் அத்தைகளும் நாங்களும் ஒரே நேரத்தில் அதற்குள் சுற்றிவர வேண்டும் என்று ஆசை. ஆனால் பாதிப் படங்களில் இடக்குறியே (எங்கே எடுத்தது என்று ஜிபிஎஸ் படத்துக்குள் பதிக்கும் குறிப்பு) இல்லை, இருக்கிற சிலதும் கெப்பல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கின்றன. எங்கே தொடங்குவது?

கேமராக்கண்:
இடக்குறியை நினைத்துக் கவலைப்படாதீர்கள். கூரைக்கடியில் ஜிபிஎஸ் தடுமாறத்தான் செய்யும், எந்தப் படம் எந்த இடத்தது என்று பிரித்து வைக்க மட்டும் அது போதும். கேமரா எங்கே நின்றது என்பதை, இரண்டு மூன்று படங்களில் பொதுவாகத் தெரியும் புள்ளிகளை ஒப்பிட்டு மென்பொருளே கணக்குப் போட்டுவிடும். 2008இல் வந்த மைக்ரோசாஃப்டின் ஃபோட்டோசின்த் இதைத்தான் செய்தது, 2017இல் மூடிவிட்டார்கள். இப்போது அதே வேலைக்கு கோல்மேப் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. முகப்பில் நிற்கும் நான்கு சிலைகளும் உள்மண்டபத்துச் சுவர்ச்சித்திரங்களும் நன்றாகப் பொருந்தும், நுணுக்கம் நிறைய இருக்கிறதே. பிளாட்பாரம்தான் கஷ்டம், அன்றைக்குக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது, நகர்வது எதுவும் பொருந்தாது. அப்புறம் முக்கியமாக, படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அளவும் சுருங்கும், இடக்குறியும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லை மெமரி கார்டையே வாங்கிவிடுங்கள். வடிவம் கிடைத்ததும், விளையாட்டுகள் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி வழியாக, பலர் ஒன்றாகச் சுற்றிவரும் இணைய மெய்நிகர் உலகமான வீஆர்சாட்டில் ஏற்றினால், ஹெட்செட் இல்லாதவர்களும் கணினியிலிருந்தே கூட நடக்கலாம்.

லோரோங்வாசி:
ஒன்று சொல்ல வேண்டும். அதே கார்டில் மறுநாள் வீட்டில் எடுத்த படங்களும் இருக்கும், அவற்றின் இடக்குறியில் நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக் பதிந்திருக்கும். குறியில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை காட்டிக்கொடுத்துவிடும். பகிரும் முன், படத்துக்குள் பதிந்த குறிப்புகளைத் திருத்தும் எக்ஸிஃப்டூலில் அந்த இடக்குறியை மட்டும் துடைத்துவிடுங்கள். கூட்டத்தில் நின்ற மற்றவர் முகங்களையும் மறைத்துவிடுங்கள், அவர்கள் யாரும் நம்மிடம் சம்மதம் சொல்லவில்லை.

தேக்கா மாமா:
தங்கச்சி, கேமராவின் கடிகாரங்களைப் பாருங்கள். அப்போது நிறைய கேமராக்களில் ஜிபிஎஸ் கிடையாது, நேரமும் ஆளுக்கொன்றாக ஓடும். எல்லாரும் எடுத்த ஒரே நொடியைப் பிடியுங்கள், ஜொகூர் சுல்தானே ஓட்டிப்போன கடைசி ரயில் நகர்ந்த நொடி இருக்கிறதே, அது போதும். அதை வைத்து நேரங்களைச் சரிசெய்தால், குறி உள்ள கைபேசிப் படத்துக்குப் பக்கத்தில் குறியில்லாததும் தானாக வந்து உட்காரும்.

பேட்டைப்பேத்தி:
நன்றி அண்ணா, நன்றி மாமா. நேற்று அம்மாவிடம் குறியே இல்லாத ஒரு படத்தைக் காட்டினேன், ஒரு தூணும் யாரோ ஒருவரின் தோளும்தான் தெரியும். பார்த்ததும், "இந்தத் தூணுக்குப் பின்னால்தான் தாத்தா என்னை நிற்க வைத்துவிட்டு டீ வாங்கப் போவார்" என்றார். அந்தப் படத்துக்கு அம்மா சொன்ன இடத்தையே குறியாகப் போட்டுவிட்டேன். நாளைக்கு அத்தைகளுக்கு மீதிப் படங்களைக் காட்டப் போகிறேன்.