அம்மாவின் முடக்குவாதத்துக்குச் சித்த வைத்தியம்: மலேசியாவின் கிள்ளானிலிருந்து சென்னை போகலாமா?

கிள்ளான்_மகள்:
அம்மாவுக்கு வயது 61, பல வருடமாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்ஸேட் என்ற ஆங்கில மருந்தில் வலி ஓரளவு அடங்கியிருக்கிறது, ஆனால் வாராவாரம் அந்த மாத்திரை போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டல், சோறே இறங்குவதில்லை. சென்னைக்குப் போய்ச் சித்த வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் காட்டிய வைத்தியரோ, வந்த அன்றே ஆங்கில மருந்தை நிறுத்திவிடலாம், ஒரு மண்டலத்தில் குணம் என்கிறாராம். நம்பிப் போகலாமா? எந்த விசா எடுப்பது?

தாம்பரத்துக்காரன்:
விசாவுக்குக் கவலை வேண்டாம் தங்கச்சி. 2023-இல் இந்தியா ஆயுஷ் விசா என்று தனியாகவே கொண்டுவந்தது, துணைக்குப் போகிற உங்களுக்கும் அதில் வழி உண்டு. இடம் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைத்தான் சொல்வேன், மத்திய அரசு நடத்துவது, ரயில் நிலையத்துக்குப் பக்கம். வர்மம் (உடலின் வர்மப் புள்ளிகளைத் தொட்டு அழுத்தும் சிகிச்சை), தொக்கணம் (உடம்பைப் பிடித்துவிடுவது) எல்லாம் அங்கேயே உண்டு, தேவைப்பட்டால் உள்நோயாளியாகவும் சேர்த்துக்கொள்வார்கள். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் அள்ளும்.

ஈப்போ_மருந்தாளர்:
அந்த ஒரு மண்டல வைத்தியரிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திய உடனே ஒன்றும் தெரியாது, அதனால் புது மருந்துதான் வேலை செய்கிறது என்று தோன்றும், அப்புறம் சில வாரங்களில் வீக்கம் திரும்பும். மூட்டு ஒருமுறை அரித்துவிட்டால் பழையபடி ஆகாது. முதலில் இங்கேயே மருத்துவரிடம் குமட்டலைச் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் கொடுக்கிறார்களா? அதே மருந்தை ஊசியாகப் போட்டால் பலருக்குக் குமட்டல் குறைகிறது.

சென்னை போவதானால் பற்பம், செந்தூரம் என்று புடம் போட்ட பொடி மருந்துகளைக் கொடுக்கும்போது என்ன உலோகம் சேர்ந்தது என்று கேளுங்கள். 2008-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. மெத்தோட்ரெக்ஸேட்டே ஈரலைப் பாதிக்கக்கூடியது, அதன்மேல் இதுவும் சேர்ந்தால் தாங்காது. போகுமுன்னும் வந்த பிறகும் ஈரல், சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம். பெயர் எழுதாத பொட்டலம் யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

கிள்ளான்_மகள்:
ஊசி இருப்பதை யாருமே எங்களிடம் சொல்லவில்லை, அடுத்த முறை கண்டிப்பாகக் கேட்கிறேன். ரொம்ப நன்றி. உள்ளுக்கு மருந்து எதுவும் இல்லாமல் தொக்கணம் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? அம்மாவின் ஆசையை அடியோடு மறுக்க மனசு வரவில்லை.

ஈப்போ_மருந்தாளர்:
இங்குள்ள மருத்துவர் சரி என்றால் எடுக்கலாம். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டில் அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் அவர்களிடம் காட்டுங்கள்.