திருநர் இசைக்கலைஞர்கள் ஆவணப்படம்: உதவி தேவை

வணக்கம். திருநங்கை, திருநம்பி, ஆண் பெண் என்ற இரண்டில் அடங்காத இசைக்கலைஞர்களைப் பற்றிச் சொந்தச் செலவில் ஆவணப்படம் எடுத்துவருகிறேன். கூவாகம் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழா இரவில், மகாபாரத அரவானைக் கணவனாக வரித்துத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் கற்பூரம் கொளுத்தி, சுற்றி நின்று கும்மியடித்துப் பாடுவார்கள். மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலியறுத்து ஒப்பாரி வைப்பார்கள். தொலைக்காட்சிகளுக்குத் திருவிழாவையொட்டி நடக்கும் திருநங்கைகள் அழகிப் போட்டி போதும். எனக்கு அந்தப் பாட்டுதான் வேண்டும்.

பறையோ, கானாவோ, கர்நாடக இசையோ, உங்களுக்குத் தெரிந்த கலைஞர் இருந்தால் அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு எனக்குத் தெரிவியுங்கள். சன்மானம் உண்டு. அறுவை சிகிச்சை பற்றி ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

கூட்ட இரைச்சலிலும் குரலைத் தெளிவாகப் பதியத் தெரிந்த ஒலிப்பதிவாளர் ஒருவர் அவசரமாகத் தேவை. பழைய கேசட்டுகள் யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள்.